மருதோண்டி பூசாத கழுத்து

எங்கள் முற்றத்தில் யார் பெரியவர் என்று கேட்டால் மூன்று வீட்டுக்காரர்களும் மூன்று பதில் சொல்வார்கள். கோழிகளைக் கேட்டால் ஒரே பதில்தான். ராங்கி.

ராங்கி எங்கள் வீட்டுக் கோழி. செம்பட்டை நிறம், அகன்ற மார்பு, ஒரு பக்கம் சாய்ந்த கொண்டை. என் மனைவி கமலம் காலையில் ஊறவைத்த புண்ணாக்கைக் கொண்டுவந்து கொட்டினால் முதல் கொத்து ராங்கியுடையது. அவள் தலையை நிமிர்த்தி ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் மற்றதுகள் கிட்டே வரும்.

கட்டுகஸ்தோட்டையில் மடவளை பஸ் போகிற வீதிக்கு மேலே, ஒரே கூரையின் கீழ் மூன்று வீடுகள். பின்னால் வேலியில்லாத ஒரே முற்றம். முதல் வீடு எங்களுடையது. நான் கறுப்பையா. கண்டிக் கடைவீதியில் நாட்டாமை வேலை. லொறிக்கும் கடைக்கும் நடுவே மூட்டை சுமந்து முதுகு தேய்கிற வேலை. நடுவீடு பளீல் நானாவுடையது. மடவளைப் பக்கம் வீடு வீடாகப் போய் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். மனைவி றமீலா. கடைசி வீட்டில் வரதராசா ஐயா, கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்தில் கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி பத்மாதேவி.

கூடும் மூன்று. எங்களுடையது இரண்டு தேயிலைப் பெட்டியை ஒட்ட வைத்துத் தரையில் குந்தவைத்தது. நானாவுடையது கதவு கழன்ற பழைய அலுமாரி, ஒருக்களித்துப் படுத்திருக்கும். ஐயாவுடையது கம்பிவலை அடித்து, பச்சைச் சாயம் பூசி, நாலு காலில் உயர்ந்து நிற்கும். ஏறிப்போகச் சரிவாக ஒரு பலகையும் உண்டு. கோழிகளுக்கும் அது மாளிகை என்று தெரியும்.

ராங்கிக்கு அடுத்த இடம் பத்மாதேவியின் வெள்ளைக் கோழிகளுக்கு. அதற்குப் பிறகு எங்கள் மற்றக் கோழிகள், பிறகு நானா வீட்டுக் கோழிகள். எல்லாவற்றுக்கும் கடைசி, றமீலாவின் மொட்டச்சி. பிறவியிலேயே கழுத்தில் ஒரு இறகு கிடையாது. சிவந்த வெறும் தோல். பார்க்கிற கோழியெல்லாம் அந்தக் கழுத்தில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுத்தான் போகும். மற்றவை தின்று முடித்துக் கால் கிளறிய மண்ணில்தான் அவளுக்குச் சாப்பாடு.

இப்படி எல்லாம் ஒழுங்காக இருந்தபோதுதான் புசல்லாவையிலிருந்து எங்கள் மருமகன் வந்து நல்ல செய்தி சொன்னார். மகள் சீதா முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவம், தாய் வீட்டுக்கு வருவாள். மருமகன் பஸ் ஏறும் முன்னே கமலம் முற்றத்துக்குப் போய் ராங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப அடை வச்சமுன்னா புள்ள பொறக்கிறப்ப குஞ்செல்லாம் பதமா வளந்து நிக்குங்க. மொளகு அரைச்சு, நல்லெண்ண ஊத்தி, எங்கையால வளத்த கோழிய எம்பொண்ணுக்கு ஆக்கிப் போடுவேன். கடைக் கோழி ஒரு துண்டு அவ வாயில படக்கூடாது.”

சீதாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பெற்றபோது இவளுக்குக் கிடைத்தது கருவாட்டுத் தண்ணீர். அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. எனக்கும் மறக்கவிடவில்லை.

முற்றத்தில் நம்பி அடை வைக்கக்கூடிய கோழி ராங்கிதான். நல்ல முட்டைகளாகப் பொறுக்கி, தேயிலைப் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, கமலம் அவளை உட்கார வைத்தாள். அதோடு வந்தது வினை.

“இஞ்ச பாருங்கோ கமலம்,” என்று பத்மாதேவி கிணற்றடியில் வைத்தே ஆரம்பித்தாள். “உங்கடை கோழி அடைகாக்கிற முட்டையளுக்குள்ள என்ரை வெள்ளைக் கோழியின்ரை முட்டையும் கிடக்குது.”

“எங்க கூட்டுல கெடந்த முட்ட எங்களுதுதானுங்களே அம்மா.”

“கூடு உங்கடை. கோழி என்ரையெல்லோ!”

“அப்ப ஒங்க கோழிகிட்ட சொல்லி வைங்க, எங்க கூட்டுக்கு வர வேணாமுன்னு.”

“அது எங்க வருதெண்டு எனக்கென்ன தெரியும்? உங்கடை கோழியள் கலைச்சால் அது ஓடி ஒளியத்தானே செய்யும்!”

“ராங்கியா? எங்க ராங்கி யாரத் தொரத்துச்சு?”

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. இடையில் மாட்டிக்கொண்ட றமீலா, ஒருத்தி சொல்வதை மற்றவளுக்குச் சொல்லியே களைத்துப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் மூவரும் கூடினோம். எனக்குக் கால் நீட்டிப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் போய்க் குந்தினேன். வரதராசா ஐயா கதிரையில் இருந்தபடி சொன்னார்:

“கோழியள்ள பிழையில்லை. ஆற்ரை கோழி எண்டு தெரியாததுதான் பிழை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் வைப்பம்.”

“கால்ல துணி கட்டினோமே ஐயா, முந்தி ஒருக்கா. சேத்துல ஒண்ணும் தெரியல,” என்றேன்.

பளீல் நானா தொடையில் தட்டினார். “கால்ல கட்டின எண்டாத் தெரியுமா? நாங்க மூட்டைக்கு எங்க அடையாளம் வெக்கிற? வாயில! எத்தின மூட்ட அடுக்கினாலும் வாய் தெரியும். கோழிக்கும் தலயிலயும் கழுத்துலயும் பூசிருங்க. தூரத்துல நிண்டு பாத்தாலும் ஆள் யாரெண்டு தெரியும்.”

அந்த மூட்டைகளைத் தூக்குகிறவன் நான். வாயில் போட்ட சாய வட்டத்தைப் பார்த்துத்தான் எந்தக் கடைக்கு எது என்று பிரிப்போம். “நானா சொல்றது சரிதாங்க,” என்று நானும் எழுந்துவிட்டேன். களைப்பு போன இடம் தெரியவில்லை.

அன்று பின்னேரம் முற்றம் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு மஞ்சள். பத்மாதேவி வீட்டுக்குச் சலவை நீலம். றமீலா பெருநாளுக்கு அரைத்து மிஞ்சிய மருதோண்டியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். நான் பிடிக்க, கமலம் பூச, கோழிகள் கத்திய கத்தில் வீதியில் போன மடவளை பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ராங்கிய விட்டிருங்க. அடையில இருக்கா,” என்றாள் கமலம்.

“ரெண்டு விரல் மஞ்சள்ல என்னா வந்துறப் போவுது? தண்ணி குடிக்க வெளிய வாறப்ப தடவி விடு,” என்றேன் நான்.

தடவிவிட்டாள்.

றமீலா மொட்டச்சியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டாள். “இவக்கு எங்க பூசுற? கழுத்துல ஒரு முடி இல்ல. தோல்ல பட்டா எரியும், பாவம். இவளத் தெரியாத ஆள் யாரு இரிக்கி?”

மொட்டச்சி மட்டும் அப்படியே விடப்பட்டாள்.

மறுநாள் விடிந்து கூடுகளைத் திறந்தோம். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வேலைக்குக் கிளம்பி நின்றேன். கோழிகள் வெளியே வந்தன. வந்தவை அப்படியே நின்றுவிட்டன. ஒன்றை ஒன்று பார்த்தன. மஞ்சள் தலை நீலத் தலையைப் பார்த்தது. நீலத் தலை செம்மண் நிற மருதோண்டித் தலையைப் பார்த்தது. ஒரே பெட்டியில் பிறந்து வளர்ந்த எங்கள் இரண்டு கோழிகளே முன்பின் தெரியாத ஆட்களைப்போலக் கழுத்தை நீட்டி முறைத்துக்கொண்டன.

பிறகு ஒரு சத்தம் வந்தது பாருங்கள்!

முற்றம் முழுக்க இறகு. பாய்ச்சல், உதை, கொத்து. ஒன்றின் முதுகில் ஒன்று. நானா வீட்டுச் சேவல் சமாதானம் செய்யப் போய், இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு அலுமாரி மேலே ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து ராங்கி முட்டையை விட்டு இரை தின்ன வெளியே வந்தாள். வழக்கம்போலத் தலையை நிமிர்த்தி ஒரு சுற்றுப் பார்த்தாள். யாரும் விலகவில்லை. வெள்ளைக் கோழி இரண்டும் நீலத் தலையோடு அவள்மேல் பாய்ந்தன. அவளும் சும்மா விடவில்லை. ஆனால் யாரோடு சண்டை பிடிக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை என்பது அவள் திகைத்து நின்ற விதத்தில் தெரிந்தது. கொண்டை கிழிந்து இரத்தம் வடிய, பறந்து ஈரப்பலா மரத்தில் ஏறிவிட்டாள்.

“எறங்கி வாடி ராங்கி! முட்ட ஆறிப் போகுதுடி!” கமலம் மரத்தடியில் நின்று கும்பிட்டாள், கெஞ்சினாள், திட்டினாள். ராங்கி இறங்குவதாயில்லை. லொறி போனால் போகட்டும் என்று நானும் மூங்கில் கம்போடு நின்றேன். ஒருதரம் இறங்கினாள். எங்கள் மஞ்சள் தலைக் கோழியே கொத்தி விரட்டிவிட்டது. இன்னும் உயரக் கிளைக்குப் போனாள்.

இந்தக் கலவரத்துக்கு நடுவேதான் அந்த வேடிக்கையைக் கண்டோம். மொட்டச்சி நடந்து வந்தாள். ஓரமாக அல்ல, முற்றத்தின் நடுவால். என்றைக்கும் தலை குனிந்து ஒதுங்கி வருகிறவள். இன்றைக்கு அவள் கண்ணில் பட்டதெல்லாம் புது முகம். தன்னை அடித்தவர்கள் ஒருவரும் இந்த முற்றத்தில் இல்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. முதலில் எதிரே வந்த நீலத் தலையை ஒரே எத்து! அது கவிழ்ந்து விழுந்து எழும்பி ஓடியது. அடுத்தது மஞ்சள். அதுவும் ஓடியது. சிவந்த கழுத்தை நீட்டிக்கொண்டு, புண்ணாக்குத் தட்டில் முதல் கொத்தை அவள் கொத்தினாள்.

“உம்மாவே!” என்று றமீலா வாயில் கை வைத்தாள். “எண்ட மொட்டச்சியா இது?”

தின்று முடித்தவள் நேரே பச்சைக் கூட்டுப் பலகையில் ஏறினாள். உள்ளே முட்டையிட உட்கார்ந்திருந்த நீலத் தலையைக் கிளப்பித் துரத்தினாள். வைக்கோலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இறகைச் சிலிர்த்து, கொக்கரிக்காமல் அடித்தொண்டையில் உறுமினாள்.

றமீலா எங்கள் பக்கம் ஓடி வந்தாள். “கமலக்கா! அவ அடைக்கு நிக்கிறா. ரெண்டு மூணு நாளா ஒரு மாதிரித்தான் திரிஞ்சா. முட்டைய அவள்ட அடியில வெச்சிருங்க!”

“அவளத் தூக்கிட்டு வா புள்ள, சீக்கிரம்!”

“ஐயோ, தூக்கினா அடை கலஞ்சிரும். முட்டையத்தான் அங்க கொண்டு போகணும்.”

கமலத்தின் முகம் மாறியது. அங்கே என்றால் பத்மாதேவியின் கூடு. பேச்சு நின்ற வீடு. வைக்கோலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அவ்வளவுதான், சேலை முந்தானையை விரித்து முட்டைகளை ஏந்தி மடியோடு கட்டிக்கொண்டு, ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் போய்ப் பின்கதவில் நின்றாள்.

“அம்மா!”

பத்மாதேவி வெளியே வந்தாள். கையில் அகப்பை.

“முட்ட ஆறிப்போகுதுங்கம்மா. மொட்டச்சி ஒங்க கூட்டுல அடையா உக்காந்துட்டா. வைக்க விடுவீங்களா? எம்பொண்ணு...”

பத்மாதேவி மடியைக் குனிந்து பார்த்தாள். பழுப்பு முட்டைகளுக்கு நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளை முட்டை.

“இது ராங்கி போட்டதோ?”

கமலமும் பார்த்தாள். கூட்டு இருட்டில் பார்த்துப் பழகிய முட்டையை அன்றுதான் வெயிலில் பார்க்கிறாள். பிறகு சிரிப்பு பீறிட்டது. “இல்லீங்கம்மா. இது ஒங்க வெள்ளச்சி போட்டதுதான். சத்தியமா.”

“அதைத்தானே நான் அண்டைக்குச் சொன்னனான்!” பத்மாதேவியும் சிரித்துவிட்டாள். “சிரிச்சுக்கொண்டு நிக்காதையுங்கோ, முட்டை குளிரப் போகுது. வாங்கோ, வாங்கோ! றமீலா, கூட்டைத் திற. எனக்கு அந்த மொட்டைக் கழுத்தைப் பாக்கப் பயமாக் கிடக்குது.”

ஒவ்வொரு முட்டையாக உள்ளே போனது. மொட்டச்சி அலகால் உருட்டி உருட்டி வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டாள். வெள்ளை முட்டையையும்தான்.

அதற்குப் பிறகு எங்கள் முற்றம் பழைய முற்றமாக இல்லை. நீலம் மழையில் கரைந்தது, மஞ்சள் வெயிலில் வெளுத்தது, மருதோண்டி மட்டும் போகவில்லை. அதற்குள் கோழிகள் புதிதாக ஒரு வரிசை போட்டுக்கொண்டன. மொட்டச்சி கூட்டைவிட்டு இறங்கினால் மற்றதுகள் தட்டைவிட்டு விலகும். அவளுக்கு அடுத்தது நானா வீட்டு மருதோண்டித் தலைகள். வெள்ளைக் கோழிகள் பின்னுக்குப் போய்விட்டன. பச்சைக் கூட்டுப் பக்கம் தலைவைக்க மொட்டச்சி விடாததால், இரவில் நானாவின் அலுமாரிக்குள் ஒண்டிக்கொண்டன. கூட்டத்தோடு சேர்ந்து எங்கள் கோழிகளும் அங்கேதான். ராங்கி புண் ஆறிய கொண்டையோடு கடைசி ஆளாக வந்து, சிந்திய மண்ணைக் கிளறினாள். அவளும் இரவில் அலுமாரி வாசலில்தான். எங்கள் தேயிலைப் பெட்டி காலியாகக் கிடந்தது.

வேலையால் வந்ததும் முகம் கழுவுவதற்கு முன் நான் கேட்பது, “இன்னைக்கு யாரு யார அடிச்சா?” என்றுதான். மூன்று வீட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள்.

குஞ்சு பொரித்த நாள் வந்தது. மொட்டச்சியின் இறகுக்குள்ளிருந்து சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. பழுப்பு, கறுப்பு, வரிக்குஞ்சு, நடுவே தனி மஞ்சளாய் ஒன்று. கமலம் மண்ணில் முழந்தாளிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு பயம்.

பயத்துக்குக் காரணம் எனக்குப் புரிந்தது. முட்டை எங்களுடையது. கோழி றமீலாவுடையது. கூடு பத்மாதேவியுடையது. இவ்வளவு நாளும் தன் கோழிகளுக்குக் கூடில்லாமல் விட்டுக்கொடுத்தவள் பத்மாதேவி. தன் கோழிக்குத் தினம் தினம் இரை கொண்டுபோய் வைத்தவள் றமீலா. இதில் எந்த வாயால் எல்லாக் குஞ்சும் எனக்கு என்று கேட்பது?

“குஞ்சுக்கு ஒரு அடையாளம்...” என்று வரதராசா ஐயா வாயைத் திறந்தார்.

“வேண்டாம்!” மூன்று பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். ஐயா கதிரையோடு பின்வாங்கினார்.

றமீலாதான் சொன்னாள்: “தாய்க்காரி நாளைக்குக் கீழ எறங்குவா. அந்திக்கு எந்தக் கூட்டுக்குக் குஞ்சுகளக் கூட்டிப் போறாவோ, அந்த வூட்டுக்கு. சண்ட இல்ல. சரியா?”

“ஓம், அது நல்லது,” என்றாள் பத்மாதேவி.

கமலம் ரோஷத்தில் “சரி” என்றுவிட்டாள். வீட்டுக்குள் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “அவ பச்சக் கூட்டுக்குத்தாங்க போவா. இல்லாட்டி பொறந்த வூடு அந்த அலுமாரி. நம்ம பொட்டிய அவ மோந்துகூடப் பாத்ததில்ல. நான் எதுக்குங்க சரின்னேன்?”

மறுநாள் அந்தி வந்தது. மூன்று குடும்பமும் முற்றத்தில். நானா சுருட்டைப் பற்றவைக்க மறந்து கையில் வைத்திருந்தார். பகல் முழுக்கக் குஞ்சுகளோடு கிளறித் திரிந்த மொட்டச்சி, வெளிச்சம் மங்கியதும் “கொர்ர், கொர்ர்” என்று கூப்பிட்டபடி நேரே பச்சைக் கூட்டுக்கு நடந்தாள். பலகையில் ஏறினாள். கமலம் என் கையைப் பிடித்தாள். மூட்டை தூக்கிக் காய்ப்புப் பிடித்த கைக்கே வலித்தது.

மொட்டச்சி மேலே நின்று கூப்பிட்டாள். குஞ்சுகள் பலகையில் ஏறின. பாதிவரை வந்தன. சறுக்கி விழுந்தன. மறுபடி ஏறின, மறுபடி சறுக்கின. பச்சைச் சாயம் பூசி வழவழப்பாக்கிய பலகை! ஒரு குஞ்சு மல்லாக்க விழுந்து காலை உதைத்தது.

“கொஞ்சம் தள்ளி விடட்டோ?” என்று கேட்டார் வரதராசா ஐயா.

“தொடப்படாது ஐயா! பேச்சு பேச்சுத்தான்!” என்றார் நானா.

மொட்டச்சி இறங்கி வந்தாள். குஞ்சுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அடுத்து அலுமாரி. உள்ளே மூன்று வீட்டுக் கோழிகளும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அவள் எட்டிப் பார்த்ததும் உள்ளே ஒரே கலவரம். சிறகடித்ததில் குஞ்சுகள் சிதறி ஓடின. அவள் உறுமிக்கொண்டு திரும்பினாள். இருட்டிக்கொண்டு வந்தது. முற்றத்தின் நடுவில் நின்று கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

தரையோடு தரையாக, காலியாக, வைக்கோல் வாசத்தோடு எங்கள் தேயிலைப் பெட்டி.

அவள் நடந்தாள். ஒரு குஞ்சு பின்னால். இன்னொன்று. எல்லாம் பின்னால். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். தலையைக் குனிந்து உள்ளே போனாள். குஞ்சுகள் ஒவ்வொன்றாய்க் குதித்து உள்ளே போயின. கடைசியாய் அந்த மஞ்சள் குஞ்சு.

“போயிட்டா! போயிட்டாங்க!” கமலம் சின்னப் பிள்ளைபோலக் கை தட்டிக் குதித்தாள். றமீலா அவளைக் கட்டிக்கொண்டாள். “எண்ட மொட்டச்சிக்கு ஒங்கட மகள்ட மேல இரக்கம் இரிக்கி, பாருங்க!”

அதே நேரம் அலுமாரி வாசலிலிருந்து ஒரு ஆள் இறங்கி வந்தாள். ராங்கி. தன் பெட்டியை நோக்கி மெதுவாக நடந்தாள். மொட்டச்சி வாசலில் தலை நீட்டி இறகைச் சிலிர்த்தாள். ராங்கி நின்றாள். ஒருகாலத்தில் இந்த முற்றத்தையே தலை நிமிர்த்திப் பார்த்தவள், இப்போது தலையைத் தரையளவுக்குத் தாழ்த்தினாள். கமலம் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தாள். றமீலா முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். “விடுங்கக்கா. அதுகளே பேசிக்கட்டும்.”

கொஞ்ச நேரம் ஆனது. மொட்டச்சி இறகைத் தாழ்த்தி உள்ளே தள்ளிப் போனாள். ராங்கி நுழைந்து, வாசலோரம், முதுகு வெளியே தெரிய உட்கார்ந்துகொண்டாள். சிறிது நேரத்தில் அவள் இறகுக்கடியிலிருந்தும் ஒரு குஞ்சின் குரல் கேட்டது.

“ராங்கிய மட்டும் சாகுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. இப்பவே சொல்லிப்புட்டேன்,” என்றாள் கமலம் என்னைப் பார்த்து. நான் என்ன செய்தேன்?

“எல்லாஞ்சரி,” என்றாள் பத்மாதேவி. “அந்த மஞ்சள் குஞ்சு என்ரை வெள்ளையின்ரையெல்லோ. அதை மட்டும் நான் எடுக்கட்டே?”

“எடுத்துக்கங்கம்மா. ஒங்களுதுதானே.”

பத்மாதேவி வளையலை ஒதுக்கிவிட்டு ராங்கிக்கு மேலால் உள்ளே கையை விட்டாள். அடுத்த நொடி “ஆ!” என்று இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து மொட்டச்சியின் உறுமல் கேட்டது. பத்மாதேவி விரலை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

“வளரட்டும், வளரட்டும். சீதா வந்து பிள்ளையைப் பெறட்டும், அவளுக்கே அதையும் ஆக்கிக் குடுப்பம். மிளகு பளீல் நானா தருவார்.”

“அதென்ன, கேக்காமலே எண்ட மிளகு?” என்றார் நானா. அப்போதுதான் சுருட்டு ஞாபகம் வந்து தீப்பெட்டியைத் தட்டினார்.